உட்கார்ந்து எடுத்த அளவு

அக்கா,

இன்று காலை பஜாரில் ஒரு டெய்லர் கடைக்குப் போயிருந்தேன். படி ஏறும்போதே மிஷின் எண்ணெயும், ஈரத் துணிமேல் சூடான இஸ்திரிப் பெட்டி போகிற வாசமும் சேர்ந்து வந்தன. என் கால் அங்கேயே நின்றுவிட்டது. அது, எங்கள் தெருவில் நீங்கள் தையல் மிஷின் போட்டிருந்த முன்னறையின் வாசம். கடைக்காரர் "என்னம்மா வேணும்?" என்று இரண்டாவது முறை கேட்ட பிறகுதான் கையில் இருந்த கறுப்புத் துணியை நீட்டினேன்.

அது பம்பாய்க்கு. அடுத்த மாதம் அங்கே ஒரு பெரிய ஆர்க்கெஸ்ட்ராவுக்கு முன்னால், தனி நாற்காலியில் உட்கார்ந்து நான் செல்லோ வாசிக்கப் போகிறேன். அத்தனை பேரும் பின்னால் இருப்பார்கள். நான் மட்டும் முன்னால். கடிதம் வந்த அன்று அப்பா அதை மூன்று பேரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். நான் யாரிடமும் சொல்லவில்லை. முதலில் சொல்ல வேண்டிய ஆள் நீங்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் முறை பார்த்தபோது அந்தச் செல்லோவை நீங்கள் "ஆளு உசரத்துக்குப் பிடிலு" என்றீர்கள். அப்பா மெட்ராஸில் சினிமாப் பாட்டு ரெக்கார்டிங்கில் வாசித்த செல்லோ அது. தோளைத் தூக்க முடியாமல் போனதும் ராஜபாளையத்துக்கே திரும்பி மில்லில் ஆள் வருகை குறிக்கும் டைம் ஆபீஸ் வேலைக்குச் சேர்ந்தார். செல்லோ கட்டிலுக்கு அடியில் போனது. அம்மாவும் மில்லுக்குப் போனதால், தம்பியைப் பார்த்துக்கொள்ள நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்வதைவிட வீட்டில் சோறு வடிப்பது சுலபமாக இருந்தது. தம்பி தூங்கிய பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து அந்தப் பெட்டியை இழுத்துத் திறப்பேன். ஒரு நாள் அப்பா சீக்கிரம் வந்து பார்த்துவிட்டார். திட்டவில்லை. கீழே உட்கார்ந்து, விரல் எங்கே வைக்க வேண்டும் என்று காட்டினார்.

செல்லோவைத் தரையில் ஊன்றி, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் பிடித்துத்தான் வாசிக்க வேண்டும். அந்த முழங்கால்தான் வீட்டில் பெரிய வழக்காகிப்போனது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அத்தை வந்த அன்று நான் அப்படி உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தேன். அத்தை பையைக்கூடக் கீழே வைக்காமல் அப்பாவிடம் பாய்ந்தார்.

"ஏ தம்பி, ஒனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? வயசுக்கு வந்த பிள்ள காலை அகட்டிக்கிட்டு உக்காந்திருக்கு, நீ தாளம் போட்டுக்கிட்டு இருக்க. நாளைக்குப் பொண்ணு பாக்க வாறவன்கிட்ட நான் என்ன சொல்ல?"

தாய் இல்லாத அப்பாவை வளர்த்தவர் அத்தை. அவரை எதிர்த்து அப்பாவுக்குப் பேச்சு வராது. கடைசியில் அத்தையே ஒரு வழியும் சொன்னார். சைக்கிள் கேரியரில் பெண்கள் உட்காருவதுபோல, இரண்டு காலையும் ஒரே பக்கம் போட்டு உட்கார்ந்து வாசிக்கட்டும் என்றார். நானும் அப்படியே வாசித்தேன். இடுப்பு திருகி வலிக்கும். கனமான தந்திக்கு வில்லை இறக்கினால் முழங்காலில் இடிக்கும். முழங்கால் பிடி இல்லாத செல்லோ, வாசிக்க வாசிக்கத் தானாகச் சுழன்று விலகும். இருந்தாலும் நான் ஒன்றும் சொல்லவில்லை. உட்காரும் விதத்தைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு உடம்பே கூசிப்போகும். அதற்கு அந்த வலியே மேல்.

பொங்கலுக்குப் பாவாடை தைக்க உங்களிடம் வந்தபோது, கீழ்க் கரைக்கு அளவு பார்க்கக் குனிந்து பாவாடையை லேசாக ஒதுக்கியவர் என் முழங்காலில் கன்றிக் கிடந்ததைப் பார்த்துவிட்டீர்கள்.

"ஏட்டி, யாரு அடிச்சா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்பாதான் அடித்தார் என்று நீங்களே முடிவு கட்டிவிட்டீர்கள். அன்று சாயங்காலம் ஷிப்ட் முடிந்து அப்பா சைக்கிளை நிறுத்துவதற்குள், வெள்ளைத் துப்பட்டியை இழுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டு எங்கள் வாசலில் நின்றீர்கள்.

"அண்ணே, வாயில்லாப் பிள்ளைனு போட்டு அடிக்கியளோ? அது பேசாது. நான் பேசுவேன், ஆமா!"

அப்பா திகைத்துப்போனார். விஷயம் புரிந்ததும் சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, அத்தை சொன்னதைச் சொன்னார். சொல்லும்போது அவர் முகம் சுருங்கியது எனக்குத் தெரிந்தது. நீங்கள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இம்புட்டுதானா? இது துணி விவகாரம்லா. துணி விவகாரம்னா என்ட்ட விடுங்க" என்றீர்கள்.

நீங்கள் தைத்த முதல் பாவாடை அழகாகத்தான் இருந்தது. போட்டு உட்கார்ந்து முழங்காலை விலக்கியதும் பக்கத் தையல் படபடவென்று விட்டுப்போனது. நான் அழுதுவிடுவேன் என்று நினைத்தேன். நீங்களோ உங்கள் தலையில் நீங்களே குட்டிக்கொண்டீர்கள்.

"நிக்கிற பிள்ளைக்குத் தச்சு வச்சிருக்கேன் பாரு! நீ நின்னுக்கிட்டா வாசிக்க? போ, அந்தப் பிடில எடுத்துட்டு வா."

செல்லோவை உங்கள் முன்னறைக்குத் தூக்கி வந்தேன். கதவைச் சாத்தினீர்கள். மிஷின் முன்னால் இருந்த முக்காலியில் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, வாயில் குண்டூசியும் கையில் டேப்புமாகத் தரையில் மண்டி போட்டீர்கள்.

"ம், வாசி."

"எதுக்குக்கா?"

"வாசிக்கும்போது முட்டு எங்க எங்க போவுதுனு பாக்கணும்லா? சும்மா உக்காந்தா எனக்கு எப்படித் தெரியும்?"

அப்பாவைத் தவிர வேறு ஒருவர் முன்னால் நான் ஒழுங்காக உட்கார்ந்து வாசித்தது அதுதான் முதல் தடவை. நீங்கள் என்னைப் பார்க்கவே இல்லை. டேப்பைத்தான் பார்த்தீர்கள். அதனால் எனக்குக் கூச்சம் குறைந்தது. வில்லைக் கனத்த தந்திக்கு இறக்கினேன். இந்த முறை அது எதிலும் இடிக்கவில்லை. சத்தம் வயிற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. மிஷின் மேல் இருந்த தகர டப்பாவுக்குள் ஊசிகள் கூடவே நடுங்கின. நீங்கள் டேப்பை விட்டுவிட்டு, வாயில் இருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்தீர்கள்.

"இது ஒன் சத்தமா ஏட்டி? இம்புட்டு நாளும் இத எங்க வச்சிருந்த?"

இரண்டாவது பாவாடையில் முன்பக்கம் மட்டும் கூடுதலாகத் துணி விட்டு, உள்ளே லைனிங் வைத்து, கரையில் கனமான பட்டை கொடுத்துத் தைத்தீர்கள். உட்கார்ந்து முழங்காலை விலக்கினால் துணி தானாக நடுவில் இறங்கித் தரைவரை விழும். கணுக்கால்கூடத் தெரியாது. அதைப் பார்த்த பிறகும் அத்தை, "துணி மூடும், சரி. ஊரு வாய எதக்கொண்டு மூட?" என்றார். நீங்கள் பாவாடையின் கரையைத்தான் இன்னொரு தடவை இழுத்துவிட்டீர்கள்.

மதுரையில் ஒரு போட்டி வந்தது. அதில் ஏதாவது கிடைத்தால் மேலே பார்ப்பது, இல்லையென்றால் செல்லோவை விற்றுவிட்டு என்னையும் மில்லில் சேர்த்துவிடுவது என்று வீட்டில் முடிவானது. அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அத்தை துணைக்கு வந்தார். ஜரிகை வாங்க வேண்டும் என்று சொல்லி நீங்களும் பஸ் ஏறினீர்கள். பஸ்ஸில் அத்தை என் காதோடு, "அங்க வந்து மானத்த வாங்கிறாத. ஒரு பக்கமா உக்காரு" என்றார்.

மேடையில் விளக்கு வெளிச்சத்தில் கண் கூசியது. கீழே இத்தனை தலைகள். உங்கள் பாவாடையைப் போட்டுக்கொண்டு, அத்தை சொன்னபடி ஒரு பக்கமாகவே உட்கார்ந்தேன். இரண்டு வரி வாசிப்பதற்குள் செல்லோ சுழன்றது. பிடித்து நிறுத்தினேன். நடுவர்களில் ஒரு பெரியவர், "பரவாயில்லம்மா, முதல்லேர்ந்து ஆரம்பி" என்றார். மறுபடியும் சுழன்றது. என் கை நின்றுவிட்டது. எழுந்து உள்ளே ஓடிவிடலாம் என்று நினைத்த நேரத்தில், கூட்டத்தின் நடுவில் ஒரு வெள்ளைத் துப்பட்டி எழுந்து நின்றது.

"ஏட்டி! நான் எதுக்கு ராப்பகலாத் தச்சேன்? திரும்பி உக்காரு!"

மண்டபமே சிரித்தது. அத்தை உங்கள் துப்பட்டியைப் பிடித்து இழுப்பதைப் பார்த்தேன். நீங்கள் உட்காரவில்லை. நான் திரும்பி உட்காரும்வரை நீங்கள் உட்காரப் போவதில்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. திரும்பினேன். துணி இறங்கித் தரையைத் தொட்டது. செல்லோ அசையாமல் நின்றது. அதன் பிறகு வாசித்தது எனக்குச் சரியாக நினைவில்லை. முடிந்ததும் கைதட்டிய சத்தம் நினைவிருக்கிறது.

இரண்டாம் பரிசு. அந்தப் பெரியவரே அப்பாவின் விலாசத்தை எழுதி வாங்கிக்கொண்டார். திரும்பும் பஸ்ஸில் அத்தை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "ஊரே சிரிச்சுதே" என்றார்.

"சிரிச்சாவ. பொறவு கை தட்டுனாவ. ரெண்டும் அதே ஆளுகதான்" என்றீர்கள் நீங்கள். ஊர் வாயைப் பற்றி அத்தை தேடிக்கொண்டிருந்த பதில் அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு அவர் என்னைத் தடுக்கவில்லை. ஆனால் நான் வாசிக்கும்போது இன்றுவரை என் முகத்தை மட்டுமே பார்ப்பார். தவறியும் கீழே பார்க்க மாட்டார்.

அதன் பிறகு மெட்ராஸ் போட்டி, முதல் பரிசு, அங்கேயே ஒரு ஆர்க்கெஸ்ட்ராவில் கடைசி வரிசையில் இடம், பிறகு முன் வரிசை. ஒவ்வொன்றுக்கும் நீங்கள் தைத்துக் கொடுத்தீர்கள். ஒவ்வொரு முறையும் தெருவில், "பரிசு எல்லாம் என் பாவாடைக்குத்தான். பிள்ள சும்மா கூடப் போயிட்டு வருது" என்று சொல்லிச் சிரிப்பீர்கள். பெங்களூரில் வாசித்ததைப் பற்றிப் பேப்பரில் நாலு வரி வந்தபோது, அதில் பாவாடையைப் பற்றி ஒன்றுமே போடவில்லை என்று நிஜமாகவே கோபப்பட்டீர்கள்.

நான் மெட்ராஸில் ஒத்திகையில் இருந்தபோது அப்பா போன் செய்தார். மத்தியானம் நெஞ்சு வலி என்று படுத்தீர்களாம். நான் வந்து சேருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. உங்கள் வீட்டுக்கு வந்தேன். உங்கள் வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அவரும் என்னைப்போல அதிகம் பேசாதவர். "மிஷின விக்கலம்மா. எண்ண போட்டு வச்சிருக்கேன்" என்று மட்டும் சொன்னார். நான் மிஷினைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். என் இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் அவருக்கு ஏதாவது சொல்லியிருப்பீர்கள். அன்று வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு நினைத்தேன். இனி எனக்காக எழுந்து நின்று பேச யாரும் இல்லை.

அக்கா, இதையெல்லாம் எழுதுவதற்குக் காரணம் போன வாரம் பஸ்ஸில் நடந்தது.

மெட்ராஸிலிருந்து வரும் வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி அத்தையைக் கூட்டிக்கொண்டு ராஜபாளையம் பஸ் ஏறினேன். ஜன்னலோரம் நான், பக்கத்தில் செல்லோ, முன் சீட்டில் அத்தை. கூட்டம் ஏறிக்கொண்டே இருந்தது. வத்திராயிருப்பிலிருந்து மாங்காய்ச் சாக்கோடு வந்த ஒருவர் என் சீட்டின் பக்கத்தில் நின்றார்.

"ஏம்மா, மனுசன் நிக்கேன், பெட்டி உக்காந்திருக்கு. இது நாயமா?"

அத்தை திரும்பிப் பார்த்தார். என் காது சூடாவது எனக்குத் தெரிந்தது.

"அதுக்கும் டிக்கெட் எடுத்திருக்கேன், அண்ணாச்சி" என்றேன்.

"பெட்டிக்கு டிக்கெட்டா? உள்ள யாரும் படுத்திருக்காகளோ?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று இருந்தேன். "செல்லோ. வயலின் மாதிரி, பெருசு" என்றேன்.

"வாசிக்கிறது யாரு? ஒங்க அப்பாவா?"

"நான்."

அவர் பெட்டியை மேலும் கீழும் பார்த்தார். கிண்டல் போய், நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசை அவர் முகத்தில் வந்துவிட்டது. "எம்புட்டுப் பெருசு! இத எப்படி உக்காந்து வாசிப்ப?" என்று கேட்டார்.

பஸ் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. அத்தை சட்டென்று முன்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் கழுத்து விறைத்ததை நான் பின்னாலிருந்து பார்த்தேன்.

"ரெண்டு காலுக்கும் நடுவுல வச்சுத்தான்" என்றேன். என் குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாகவே வந்தது.

யாரும் சிரிக்கவில்லை. அவர் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் அத்தை அவரைப் பார்த்துத் திரும்பி, "பின்ன? நடுவுல வச்சுப் பிடிக்கலைன்னா அது எப்படி நிக்கும்? சுத்திக்கிட்டுல்லா போவும்!" என்றார், பல வருஷமாகத் தானே வாசித்துக்கொண்டிருப்பவர்போல.

"அதுவும் சரிதான்" என்று அவர் மாங்காய்ச் சாக்கின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

பம்பாயில் யாரும் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். கேட்டாலும் சொல்வதற்கு இப்போது என்னிடம் குரல் இருக்கிறது, அக்கா.