மெட்ராஸில் கிடைத்த கங்காணி உத்தியோகம்

ஐந்தாம் லயம், மேல் டிவிஷன்,
ரிங்லெட், கேமரன் மலை.
18.3.1979

மெட்ராஸ் பட்டணத்தில் தேயிலைத் தோட்ட முதலாளியின் ஏக புத்திரனாக எழுந்தருளியிருக்கும் மகாராஜராஜஸ்ரீ அமிர்தலிங்கம் அவர்கள் சமூகத்துக்கு, அதே தோட்டத்தில் கங்காணியாகச் சேவகம் பார்க்கும் ரெங்கசாமி எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் சின்னம்மா பவளமும் இரண்டு ஆடுகளும் மூன்று இடத்தில் ஒழுகும் கூரையும் முருகன் புண்ணியத்தில் சுகம். நீயும் அங்கே சுகமாக இருப்பாய் என்று அதே முருகனை நம்பியிருக்கிறேன். உன்னை நம்புவதைப் போன செவ்வாய்க்கிழமை உன் கடிதம் வந்து சேர்ந்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

முதலில் ஊர்ச் சேதியைச் சொல்லிவிடுகிறேன், பிறகு எனக்குக் கோபம் வந்தால் மறந்துபோகும். மழை நாற்பது நாளாக விடவில்லை, ஏரி நிரம்பி மீன்களெல்லாம் கரையேறி தானா ராத்தா பஸ்ஸுக்குக் காத்து நிற்கின்றன. கோலா தெர்லாவிலிருந்து வந்த கோஸ் லோரி வளைவில் கவிழ்ந்தது, டிரைவருக்கு ஒரு கீறல்கூட இல்லை, ஆனால் உருண்ட கோஸில் பாதி தாப்பா போய்த்தான் நின்றதாம். பக்கத்து வீட்டுக் கத்தரீன் ஞாயிறுதோறும் மாதா கோயிலில் உன் பேரைச் சொல்லிச் செபம் செய்கிறாள், அவள் கொடுத்தனுப்பிய மெழுகுவர்த்தியை சாந்தோம் கோயிலில் நீதான் உன் கையால் ஏற்றினாய் என்று நான் சொன்னதை நம்பிக்கொண்டிருக்கிறாள் பாவம். உன் சின்னம்மாவுக்கு முழங்கால் வலி, இருந்தும் கியா பார்ம் ரோட்டோரத்தில் கோசும் பூவும் விற்கப் போவதை நிறுத்தவில்லை, ஏன் நிறுத்தவில்லை என்று மாதாமாதம் படிப்புக்குப் பணம் வாங்கும் உனக்கே தெரியும்.

போன ஆவணியில் நான் மெட்ராஸ் வந்ததை மறுபடி ஒருமுறை உனக்கே எழுதிக் காட்டப் போகிறேன், பொறுமையாகப் படி. பினாங்கில் கப்பல் ஏறி ஏழு நாள் கழித்து, குளிர்ச்சட்டையும் கம்பளிக் குல்லாவும் போட்டபடி இறங்கியவன் நான், அந்த வெயிலில் என் வியர்வை ஓடிப்போய்க் கூவத்தில் கலந்து அந்த ஆறு அன்றைக்குத்தான் கொஞ்சம் சுத்தமானது. முதல் இரண்டு நாள் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு சுற்றிக் காட்டினாயே, அதை ஏழு ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன். சென்ட்ரல் ஸ்டேஷனைக் காட்டினாய், கடலுக்கு விளக்குக் காட்ட ஐகோர்ட்டின் தலையிலேயே கட்டியிருக்கும் கோபுரத்தைக் காட்டினாய், எல்.ஐ.சி. கட்டடத்தில் பதினாலு மாடியையும் அண்ணாந்து எண்ணும்போது என் குல்லா பின்பக்கம் விழுந்தது, ஓடிப்போய் எடுத்துத் தட்டி என் தலையில் வைத்தாய். "சித்தப்பா, குல்லாவக் கழட்டுங்களேன், எல்லாரும் பாக்கறாங்க" என்றாய். பார்க்கட்டும்லா, மலை ராஜா வந்திருப்பது ஊருக்குத் தெரியட்டும் என்றேன். திருவல்லிக்கேணியில் மீசை வைத்த பெருமாளைப் பார்த்துவிட்டு, "உங்க மீசைதான் சித்தப்பா ஜெயிச்சிடுச்சு" என்று காதோடு சொன்னாய், பக்கத்தில் நின்ற அம்மாள் முறைத்தாள். மெரினாவில் சுண்டல் வாங்கி ஒரே காகிதத்தில் வைத்துத் தின்றோம். சித்தப்பா சித்தப்பா என்று அந்த இரண்டு நாளில் நீ கூப்பிட்டதை எண்ணியிருந்தால் எல்.ஐ.சி. மாடியைவிட உயரமாகப் போயிருக்கும்.

மூன்றாம் நாள் காலையில் எழும்பூர் லாட்ஜ் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. நீ கட்டிக்கொள்ளப் போகும் ருக்குமணியும் அவள் அப்பா சுப்பிரமணியமும் இறங்கினார்கள். என் கையில் துணிப்பை இருந்தது. கடல் தாண்ட வழியில்லாதவர்கள் தங்கள் காணிக்கையை மஞ்சள் துணியில் முடிந்து, ஊருக்குப் போகிறவன் கையில் கொடுத்துவிடுவது நம் லயத்து வரிசை வீடுகளில் பழக்கம், அப்படிப் பதினேழு முடிச்சு வடபழனி முருகனுக்கு, கத்தரீனுடைய மெழுகுவர்த்தி சாந்தோமுக்கு. அதோடு பவளம் கொடுத்த பதினெட்டாவது முடிச்சு. பையைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார், "இவர் யாரு தம்பி?" என்று. நீ அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "நம்ம எஸ்டேட் கங்காணி சார், கூலிங்க காணிக்கையக் கோயில்ல சேக்கச் சொல்லி அப்பா அனுப்பியிருக்காரு" என்றாய். உன் அப்பா, என் கூடப்பிறந்த அண்ணன், உன் மூன்று வயதில் உன் அம்மாவோடு தாப்பா ரோட்டில் பள்ளத்தில் விழுந்து செத்துப்போனவர், அன்று காலை எழும்பூரில் உயிர்த்தெழுந்து ஒரு தேயிலைத் தோட்டமும் வாங்கிவிட்டார்.

எனக்கு அப்போது கோபம் வரவில்லையடா, அதுதான் வேடிக்கை. என் கையில் வளர்ந்தவன், என்னை வைத்தே ஒரு நாடகம் போடுகிறான் என்று பூரித்துப்போனேன். இருபத்தெட்டு வருடமாகத் தேயிலைச் செடியின் கிளை கழித்துக் கவ்வாத்து வெட்டியே தோள் இறங்கிப்போனவன் நான், எந்தத் துரையும் கொடுக்காத கங்காணி உத்தியோகத்தை என் பிள்ளை ஒரே மூச்சில் கொடுத்துவிட்டான் என்று, "கும்புடறேங்க, சின்னதொர சொன்னா சரிங்க" என்று இடுப்பு வரை வளைந்தேன். நீ எந்த இடத்தில் சிரித்து உடைத்துவிடப் போகிறாய் என்று காத்திருந்தேன். சாந்தோமில் சிரிப்பாய் என்று பார்த்தேன், நான் உள்ளே போய் மெழுகுவர்த்தி ஏற்றி வருவதற்குள் நீ அந்த வெள்ளைக் கோபுரத்தடியில் அவளோடு நின்று படம் எடுத்துக்கொண்டாய். சரி, பையன் கெட்டிக்காரன், இழுத்துப் பிடிக்கிறான், நாம்தான் உடைக்க வேண்டும் என்று நானும் அவிழ்த்துவிட்டேன். நம் முதலாளியிடம் முப்பது யானை இருக்கிறது, தேயிலை மூட்டையை ஈப்போவுக்கு அவைதான் இறக்கும், பங்களாவில் வாய் கொப்பளிப்பதே முதல் தரத் தேத்தண்ணியில்தான் என்றேன். ருக்குமணி கண் விரிய, "முப்பதுமா? பேரெல்லாம் உண்டா?" என்று கேட்டாள், வேலம்மா, பாஞ்சாலை, மணியம்மா என்று நம் லயத்துப் பெண்கள் பேரையெல்லாம் யானைக்கு வைத்தேன், அது மட்டும் வேலம்மா காதுக்குப் போனால் எனக்குக் கவ்வாத்துதான். அவர்கள் அத்தனையையும் நம்பினார்கள். நீ கார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

மயிலாப்பூரில் கார் நின்றது. அந்தக் குளத்தையும் கோபுரத்தையும் பார்த்து வாயைத் திறந்தவனிடம், "செருப்பப் பாத்துக்கங்க கங்காணி" என்றாய், மூவரும் உள்ளே போனீர்கள். ஆக, கபாலீஸ்வரரை நான் மூன்று ஜோடிச் செருப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து தரிசித்தேன், ஊருக்கு வந்து கர்ப்பக்கிருகம் எப்படி இருக்கும் என்று பவளத்துக்கு அரைமணி நேரம் சொன்னதெல்லாம் அங்கே பூக்காரி சொன்னது. அப்போதும், வரும்போது சிரிப்பான், தேங்காய்மூடியை என் கையில் கொடுத்துச் சித்தப்பா என்பான் என்றுதான் உட்கார்ந்திருந்தேன்.

வடபழனிக்கு வா. உனக்கு ஆறு வயதில் விஷக் காய்ச்சல் வந்து எட்டு நாள் கண் திறக்காமல் கிடந்தாய். நம் வீட்டுச் சுவரில் தாப்பா கடைக்காரர் கொடுத்த காலண்டரில் வடபழனி முருகன் படம் இருந்தது, பவளம் அதன் முன்னால் நின்று, ராணி தலை போட்ட இருபது காசு ஒன்றை மஞ்சள் துணியில் முடிந்து, முருகா, பிள்ளை பிழைத்தால் அவன் கையாலேயே உன் உண்டியலில் போடுவான் என்று வேண்டிக்கொண்டாள். பதினேழு வருடம் பிஸ்கட் டின்னில் இருந்த முடிச்சு அது. நீ படிக்கப் போகும்போது கொடுத்தனுப்ப மறந்தாள், அதனால்தான் என்னிடம் கொடுத்து, அவன் கையில் கொடுத்துப் போடச் சொல்லிக் கண்ணால் பார்த்துவிட்டு வா என்றாள். மற்றவர்கள் முடிச்சையெல்லாம் உண்டியலில் போட்டுவிட்டு அதை உன்னிடம் நீட்டினேன். உனக்குத் தெரியும் அது எது என்று, உன் முகம் மாறியதைப் பார்த்தேன். ருக்குமணியின் அப்பா உன் தோளுக்குப் பின்னால் நின்றார். நீ கையை நீட்டவில்லை. "நீயே போட்டுடு கங்காணி" என்றாய்.

நீ என்றாய். மண்வெட்டிக்காரனைக்கூட நீங்கள் என்று கூப்பிடப் பழக்கப்பட்ட பிள்ளை. அப்போதுதான் இது நாடகம் இல்லை என்று எனக்கு விளங்கியது, முப்பது யானைக்காரனுக்கு அவ்வளவு மெதுவாகத்தான் விளங்கியது. "உத்தரவு" என்று சொல்லி, மூடிய கையை உண்டியல் மேல் வைத்துவிட்டு எடுத்துக்கொண்டேன். முடிச்சு உள்ளே விழவில்லை. துறைமுகத்தில் தனியாக நின்றபோது, "தப்பா நெனச்சுக்காதீங்க சித்தப்பா, அவங்க பெரிய எடம்" என்றாய், நான் சிரித்து உன் தலையைத் தடவினேன், அது என் தப்பு. ஊர் வந்து, நீ என்னை ராஜா மாதிரி நடத்தினாய், முடிச்சை உன் கையாலேயே போட்டாய் என்று பவளத்திடம் சொன்னேன், அது அதைவிடப் பெரிய தப்பு. அன்றைக்கு அவள் லயம் முழுக்கச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தாள்.

சரி, வயசு, பயம், ஒருநாள் கூத்து, போகட்டும் என்று ஏழு மாதம் விழுங்கியிருந்தேன். இப்போது செவ்வாய்க்கிழமை கடிதம். சுப்பிரமணியம் சித்திரையில் சிங்கப்பூர் வருகிறாராம், அப்படியே தோட்டத்தையும் பார்க்க வேண்டும் என்கிறாராம். துரை பங்களாவை ஒருநாள் கேட்டு வாங்குங்கள், முதலாளி லண்டன் போயிருக்கிறார் என்று சொல்லுங்கள், நீங்கள் மறுபடி கங்காணியாக இருங்கள், சின்னம்மா பங்களாவில் சமைக்கும் ஆயாவாக இருக்கட்டும் என்று எழுதியிருக்கிறாய். கடிதத்தில் மட்டும் நீங்கள் போட மறக்கவில்லை. பவளத்துக்குப் படிக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். அவள் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்து, "படிங்க, என்ன எழுதியிருக்கு எம்புள்ள?" என்றாள். அந்த ஆயா என்ற எழுத்துக்கு மேல் என் நாக்கு நகரவில்லை. பெண்ணின் அப்பா சம்பந்தம் பேச நம் வீட்டுக்கு வருகிறாராம், சின்னம்மா ஆசீர்வாதம் வேண்டுமாம் என்று இல்லாததைப் படித்தேன். அன்று மத்தியானமே தானா ராத்தா போய்ச் சுண்ணாம்பு வாங்கி வந்துவிட்டாள், முழங்கால் வலியோடு ஏணியில் ஏறி முன்சுவரை அடிக்கிறாள், இதை எழுதும்போதும் அந்தச் சத்தம் கேட்கிறது. கத்தரீன் கேக் செய்து தருகிறேன் என்றிருக்கிறாள். வேலம்மா பாய் கொடுக்கிறாள், யானை விஷயம் தெரியாமல்.

பொய் சொன்னாய் என்பதற்காக நான் உன்னைத் திட்டினால் மலையே சிரிக்கும், பொய்யில் நான் உனக்கு வாத்தியார். ஆனால் என் பொய்யில் வேலம்மாகூட யானை ஆனாள், உன் பொய்யில் பவளம் ஆயாவாகிவிட்டாள். என்னைக் கங்காணி ஆக்கினாய், வாங்கிக்கொண்டேன். அவளை ஆக்க விட மாட்டேன். பங்களாவைக் கேட்க மாட்டேன், லண்டன் என்று சொல்ல மாட்டேன். அந்த முடிச்சை இந்தக் கடிதத்தோடு ரிஜிஸ்டர் தபாலில் வைத்திருக்கிறேன், பிரித்துப் பார், துணி நைந்திருக்கிறது, இருபது காசு அப்படியே இருக்கிறது. ருக்குமணியையும் அவள் அப்பாவையும் வடபழனிக்குக் கூட்டிப்போய், இது யார் முடிந்தது, எதற்கு முடிந்தது என்று அவர்கள் காது கேட்கச் சொல்லிவிட்டு உன் கையால் போடு. பிறகு அவர் வரட்டும், ஐந்தாம் லயத்துக்கு வரட்டும், புதுச் சுண்ணாம்பு மணக்கும், நல்ல தேத்தண்ணி கிடைக்கும், யானைகளுக்கான மன்னிப்பை நானே கேட்டுக்கொள்கிறேன். சொல்ல முடியவில்லை என்றால் பங்குனி முடிவதற்குள் முடிச்சைத் திருப்பி அனுப்பிவிடு, நான் பவளத்தை ஏணியிலிருந்து இறக்கி உட்காரவைத்து, எழும்பூர் லாட்ஜ் வாசலிலிருந்து ஒன்று விடாமல் சொல்லிவிடுகிறேன். அதைவிடக் கஷ்டமான வேலை இந்தத் தோட்டத்தில் எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

வெயிலில் தலையில் எண்ணெய் வைக்காமல் திரியாதே, பரீட்சை நேரத்தில் ராத்திரி வெறும் வயிற்றோடு படுக்காதே. கோபக்காரன் ஆசீர்வாதத்துக்கும் பலம் உண்டு, முருகன் உன்னை நூறு வயது வைத்திருக்கட்டும், மனுஷனாக வைத்திருக்கட்டும். கடைசியாக ஒன்று, ஞாபகம் வைத்துக்கொள். பதில் எழுதும்போது உறையின் மேல் பேரைப் பார்த்து எழுது. தபால் எல்லாம் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி கைக்குத்தான் வருகிறது, கங்காணி ரெங்கசாமி என்று ஏதாவது வந்தால், அப்படி ஒருவர் இந்தத் தோட்டத்தில் இல்லை என்று திருப்பிவிடச் சொல்லியிருக்கிறேன். சித்தப்பா என்று எழுதினால் மழையானாலும் வந்து சேரும்.

இப்படிக்கு,
இன்னும் அந்தப் பேரில் இருக்கும்
உன் சித்தப்பா
ரெ. ரெங்கசாமி
(கவ்வாத்து வெட்டுகிறவன்)