தண்ணீர் விட்டது யார்

1986 மே 4, ஞாயிறு

கடைசி ஸ்டர்மர் அப்பிள்களையும் இன்று பறித்து, சாப்பிட ஒரு பெட்டி ஒதுக்கி, மிச்சத்தைப் பிழிந்து முடித்தாயிற்று. இந்தத் தென்கோடி நாட்டில் மே மாதம்தான் இலையுதிர்காலம். ரானுயியில் இந்த வளவு முன்பு பழத்தோட்டமாம். வீடு கட்டியவர்கள் நாலு மரங்களை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். கிராவென்ஸ்டைன் வாசத்துக்கு. கொக்ஸ் இனிப்புக்கு. ஸ்டர்மர் புளிப்புக்கு. வேலியோரத்துக் காட்டு அப்பிளை வாயில் வைக்க முடியாது, அவ்வளவு துவர்ப்பு. ஆனால் அதில் ஒரு வாளி சேராவிட்டால், சாறு புளித்து மதுவாகும் சைடருக்கு உடம்பே இராது.

துணி துவைக்கும் வோஷ்ஹவுசில் குழாய் வைத்த மூன்று பெரிய பீப்பாய்கள் நுரைத்துக்கொண்டிருக்கின்றன. குணவதி வாசலில் நின்று பார்த்தாள். "உது குடிக்கிற பதத்துக்கு வர எவ்வளவு நாள் செல்லும், மச்சாள்?"

இவருடைய தங்கை எங்களோடு வந்து ஒன்றரை வருடமாகிறது. ஒருநாளும் சைடரைப் பற்றி வாய் திறந்தவள் அல்ல. இப்போது ஏன் கேட்கிறாள்?

யூன் 17

முதல் பீப்பாய் தெளிந்துவிட்டது. வைக்கோல் நிறம். நாக்கில் புளிப்பு, பிறகு அடித்தொண்டையில் மெல்லிய துவர்ப்பு. போன வருடத்தை விட நன்று. இவரிடம் நீட்டினேன். முகத்தைச் சுளித்தார். "உம்முடைய ஆராய்ச்சியை நீரே குடியும்" என்று சொல்லிவிட்டு பென்ரோசுக்கு வேலைக்குப் போனார். அவருக்குக் கிடங்கில் பின்னேர ஷிப்ட். நானோ காலையில் ஜாம் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்துக்குப் போய் மத்தியானம் திரும்புகிறவள். சனி ஞாயிறில்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது.

யூன் 28

சைடர் சப்பென்று இருக்கிறது. ஒரு கிளாசில் நிச்சயமாகத் தெரியவில்லை என்று இன்னொன்று பிடித்துப் பார்த்தேன். நிறமும் வெளிறிவிட்டது. தானாக இப்படி ஆகுமா?

யூலை 1

ஆகாது. ஒரு சின்னப் போத்தலில் வேலைக்குக் கொண்டுபோய், ஜாமுக்குப் புளிப்புப் பார்க்கிற அதே முறையில் பார்த்தேன். மூன்றில் ஒரு பங்கு அமிலத்தைக் காணவில்லை. புளிப்பு தானாகவும் கொஞ்சம் இறங்கும்தான், ஆனால் நிறம் கூடவே வெளிறாது. யாரோ சைடரை எடுத்துவிட்டு, எடுத்த அளவுக்குத் தண்ணீர் விட்டிருக்கிறார்கள்.

வீட்டில் நாலு பேர். மகள் உஷாவுக்கு ஏழு வயது. இவருக்கு அந்த மணமே ஆகாது. மிச்சம் யார்?

யூலை 4

குணவதியா? வெள்ளிக்கிழமை மீன், மச்சம் தொடாதவள், கந்தசஷ்டிக்கு வெறும் தண்ணீரோடு கிடந்தவள்! ஆனால் கொழும்பில் கலவரத்தில் வீடு எரிந்த பிறகு தனக்குச் சரியான நித்திரை இல்லை என்று அவளே சொல்லியிருக்கிறாள். நித்திரைக்கென்று தொடங்கியிருப்பாள். கேட்டால் கொடுத்திருக்க மாட்டேனா? களவாக எடுத்து, தண்ணீர் விட்டு மறைப்பானேன்?

யூலை 9

பள்ளிக்கூடம் விடும் நேரத்தைத் தவறவிட்டேன். சோபாவில் கண்ணயர்ந்துவிட்டேன். விடிய எழும்பி வேலைக்குப் போகிறவளுக்கு அலுப்பு இருக்காதா? எழுந்து ஓடினால், பாதி வழியில் உஷா குணவதியின் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறாள். இவளை யார் போகச் சொன்னது? என்னைக் கண்டதும் இருவரும் கதையை நிறுத்தினார்கள். என்ன கதைத்தீர்கள் என்று கேட்டேன்.

"நத்திங், மம்."

பிள்ளையையும் தன் பக்கம் இழுக்கிறாள்.

யூலை 15

இன்னும் தண்ணியாகிவிட்டது. முன்பு ஒரு கிளாசில் இருந்தது இப்போது மூன்று கிளாஸ் குடித்தாலும் வருவதில்லை. இரண்டாவது பீப்பாயையும் தொட்டிருக்கிறாள்.

யூலை 17

சோறு அடிப்பிடித்து, சட்டி கருகி, வீடெல்லாம் புகை. அடுப்பில் வைத்தது நான்தான், இல்லையென்று சொல்லவில்லை. உஷாவின் அறையில் இருந்தவளுக்கு மணம் வராதா? சரி, ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். ஜன்னல்களைத் திறந்தாள். பிறகு என்னைப் பார்த்தாளே ஒரு பார்வை! களவு அவளுடையது, பார்வை எனக்கா?

யூலை 20, ஞாயிறு

பிடித்துவிட்டேன்.

இவர் உஷாவோடு கடைக்குப் போயிருந்தார். நான் படுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கதவு இடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தேன். வோஷ்ஹவுசுக்குப் போனாள். பின்னாலேயே போய்க் கதவைத் தள்ளினேன். பீப்பாயின் மூடி திறந்திருக்கிறது. அவள் கையில் ஜக்.

"என்ன செய்யிறீர்?"

ஜக்கை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். "ஒண்டுமில்லை, மச்சாள்."

"எவ்வளவு நாளாக் குடிக்கிறீர்?"

சும்மா நிண்டு என்ரை முகத்தைப் பாக்கிறாள். அழுதாவது துலைக்கலாமே!

இவர் வந்ததும் சொன்னேன். "குணவதியோ? உமக்கென்ன, விசரே?" என்றார். பிறகு அவளைக் கூப்பிட்டுக் கேட்டார். "மச்சாள் சொல்லுறது உண்மையோ?" அவள் இவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"நான் பத்மாக்கா வீட்டை போய் இருக்கிறன், அண்ணை."

மறுக்கவே இல்லை. வேறென்ன சாட்சி வேண்டும்?

யூலை 26, சனி

மவுண்ட் வெல்லிங்டனில் இருக்கிற எங்கள் ஊர்க்காரி பத்மாவதி அக்கா வீட்டில் இவரே கொண்டுபோய் விட்டுவந்தார். வந்தவர் சாப்பிடவில்லை. உஷா தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மூன்றாவது பீப்பாய் அவள் கைபடாதது. இப்போதுதான் திறந்தேன். இதுதான் சைடர்! இனி நிம்மதி.

ஓகஸ்ட் 12

மூன்றாவது பீப்பாயின் குழாயில் ஒன்றும் வரவில்லை. சரித்துப் பார்த்தேன். அடியில் மண்டி மட்டும்.

எப்படி? எங்கோ கசிகிறது.

ஓகஸ்ட் 14

கசியவில்லை. மிஞ்சியிருக்கும் இரண்டாவது பீப்பாயின் கீழே பழைய பேப்பர் விரித்து வைத்திருந்தேன். நேற்றும் காய்ந்த பேப்பர், இன்றும் காய்ந்த பேப்பர். பீப்பாய் மட்டும் இலேசாகிறது.

இவர் கோபத்தில் வெளியே கொட்டுகிறாரா? முகம் கொடுத்துப் பேசாதவர் என்னவும் செய்யலாம். அல்லது குணவதி திரும்பத் திரும்ப வருகிறாளா? பின்கதவுச் சாவியைக் கொண்டுபோயிருப்பாளோ என்று தேடினேன். ஆணியில் தொங்குகிறது.

ஓகஸ்ட் 15

ஒரு வழி தோன்றியது. குழாயடி வரைக்கும் பீப்பாயில் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு குச்சியை விட்டு அளந்து வைத்திருக்கிறேன். நாளைக்கு நான் கிளாசை நிரப்பும் ஒவ்வொரு முறையும் பெட்டியிலிருந்து ஒரு ஸ்டர்மரை எடுத்துக் குசினி ஜன்னல் விளிம்பில் வைப்பேன். என் பங்கைக் கழித்தால்தானே கள்ளன் எடுத்தது எவ்வளவென்று தெரியும்.

ஓகஸ்ட் 16, சனி

பின்னேரம் உஷா வந்து ஜன்னலைப் பார்த்தாள். "மம், வை ஆர் ஆல் தி ஆப்பிள்ஸ் அப் தேர்?"

விளிம்பில் இன்னொன்று வைக்க இடமில்லை.

குச்சியை விட்டுப் பார்த்தேன். குறைந்தது முழுவதும் அந்த ஜன்னலில் இருந்தது. கள்ளனுக்கென்று ஒரு கிளாஸ்கூட மிஞ்சவில்லை.

ஓகஸ்ட் 18

இரண்டு நாளாகத் தொடவில்லை. என் கையெழுத்தை எனக்கே வாசிக்க முடியவில்லை.

ஓகஸ்ட் 23, சனி

பஸ் மாறி மவுண்ட் வெல்லிங்டனுக்குப் போனேன். பத்மாவதி அக்கா என்னைக் கண்டதும் தேத்தண்ணிக்குக் கேத்தில் வைக்கிற சாட்டில் உள்ளே போய்விட்டா. குணவதி துணி மடித்துக்கொண்டிருந்தாள். எழும்பவில்லை.

"நீர் குடிக்கேல்லை" என்றேன்.

"ஒரு சொட்டும் வாயிலை வைக்கேல்லை, மச்சாள். வெளியிலை ஊத்திப்போட்டுத் தண்ணி விட்டனான். தண்ணியாப் போனா நீங்கள் குறைப்பீங்கள் எண்டு நினைச்சன்." மடித்த துணியைக் கீழே வைத்தாள். "நீங்கள் கூடக் குடிச்சீங்கள்."

"அண்டைக்கு ஏன் அண்ணையிட்டைச் சொல்லேல்லை?"

"சொன்னா அண்ணை உங்களைப் பாக்கிற பார்வை மாறிப்போம். பிறகு நீங்கள் விட்டாலும் அது திரும்பி வராது. நான் தங்கச்சிதானே. என்னோடை கோவிச்சா ஆறும்."

பள்ளிக்கூட வழியில் உஷா என்ன கதைத்தாள் என்றும் கேட்டேன். சொல்ல மனமில்லாமல் சொன்னாள். அம்மா எழும்பாவிட்டால் யாரைக் கூப்பிடுகிறது என்று கேட்டாளாம்.

அந்த வீட்டில் அழக்கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை. குணவதி பக்கத்தில் வந்து இருந்தாள், தொடவில்லை. "வீட்டை வாரும்" என்றேன்.

"முதல்லை அண்ணையிட்டை நீங்களே சொல்லுங்கோ. எனக்காக இல்லை."

ஓகஸ்ட் 24

சொன்னேன். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. வோஷ்ஹவுஸ் படியில் போய் இருந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஒன்றைத்தான் கேட்டார்: "நான் அவளை அப்பிடிக் கேக்கேக்கை, நீர் பாத்துக்கொண்டு நிண்டனீர் என்ன?"

மீதியிருந்ததைப் புல்லில் திறந்துவிட்டேன். அவர் பீப்பாயைச் சரித்துப் பிடித்தார். என்னைப் பார்க்கவில்லை, ஆனால் பிடித்தார்.

செப்டெம்பர் 9

தவறிவிட்டேன். சூப்பர்மார்க்கெட்டில் வாங்கிய சமையல் வைன். ஒளிக்கவில்லை, அன்றே இவரிடம் சொன்னேன். நாளைக்கு டொக்டரிடம் போக இவரும் லீவு எடுக்கிறார்.

ஒக்டோபர் 19

மரங்களெல்லாம் பூ. குணவதிக்குத் தையல் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது. இவர் போய்க் கெஞ்சிப் பார்த்தார். வரமாட்டாளாம், அங்கேயே ஒரு அறை எடுக்கப் போகிறாளாம். "கோவம் இல்லை அண்ணை, எனக்கும் ஒரு கதவு வேணும்" என்றாளாம்.

அந்தத் தேவையை நான்தான் அவளுக்கு உண்டாக்கினேன்.

1987 ஏப்ரல் 4, சனி

அப்பிள் பறிக்க இன்று குணவதி வந்தாள். பிழியும் இயந்திரத்தைப் போன மாதமே விற்றாயிற்று. பாதி அப்பிள் ஜாமுக்கு, பாதி பத்மாவதி அக்காவுக்கும் அயலுக்கும். உஷா கேற்றடிக்கே ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள்.

பிறகு குணவதி என்னிடம் வந்தாள். கன்னத்தோடு கன்னம் வைத்தாள். வைத்தவள் உடனே விலகவில்லை. அவள் மூக்கு என் வாயருகில் ஒரு கணம் நின்றது. ஏன் நிற்கிறது என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும்.

நான் முகத்தைத் திருப்பவில்லை. வாயைத் திறந்து, மூச்சை ஆறுதலாக வெளியே விட்டேன்.

"வாங்கோ மச்சாள், வெயில் ஏற முன்னம் பறிப்பம்" என்றாள்.