ஆட்டுத்தோலுக்கு மாட்டு அளவு

இன்று காலை மேசை டிராயரில் ஸ்டேப்ளர் முள் தேடினேன். கைக்கு வந்தது உன் ஃப்ளாப்பி. மேலே ஒட்டிய வெள்ளைத் தாளில் நீல மையில் உன் கையெழுத்து அப்படியே இருக்கிறது: 'பைத்தான் பதிப்பு மாத்தினா இதை மறுபடி கம்பைல் பண்ணணும். யார் வேணா பண்ணலாம்.' அந்தக் கடைசி வரியை நான் எத்தனை தடவை படித்திருக்கிறேன் என்று உனக்குத் தெரிந்திருந்தால், என் முகத்தில் காறித் துப்பியிருப்பாய்.

ஆம்பூரில் என் தோல் ஷெட்டுக்கு நீ முதலில் வந்தது தொண்ணூற்றெட்டில். பாகாயத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து இறங்கியவன் மூக்கைப் பொத்தவில்லை. அதனாலேயே உன்னைப் பிடித்துப்போனது. தோல் எத்தனை சதுர அடி என்று அளக்கும் மெஷின் வாங்கியிருந்தேன். அந்த அளவைக் கம்ப்யூட்டரே வாங்கி, ஒவ்வொரு தோலுக்கும் ஸ்டிக்கர் அடிக்கும்படி நீ புரோகிராம் எழுதினாய்.

"இதுல ரெண்டு பாகம் பாய். ஸ்டிக்கர் அடிக்கறது பைத்தான்ங்கற கம்ப்யூட்டர் பாஷையில எழுதினது. பதிப்பு மாறினாலும் அநேகமா ஓடும். மெஷின்கிட்ட பேசறது சி-ங்கற இன்னொரு பாஷையில எழுதி கம்பைல் பண்ணது, அதாவது கம்ப்யூட்டர் நேரா ஓட்டற மாதிரி மாத்தினது. இப்ப இருக்கிற பைத்தானோட உள் அமைப்புக்கு அளவெடுத்து செஞ்சது."

"அதனால இன்னா?"

"ஏழாம் நம்பர் லாஸ்ட்டுக்கு வெட்டின ஷூ மேல்தோலை எட்டாம் நம்பர்ல இழுத்தா இன்னா ஆவும்?"

"கிழியும்."

"கிழிஞ்சா நல்லது, கண்ணுக்குத் தெரியும். கிழியாம கோணலா உக்காந்துச்சின்னா அதான் பேஜார்."

லாஸ்ட் என்னும் கால் அச்சைப் பார்த்தே வளர்ந்தவனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். புரிந்துதான் இருந்தது.

ஐந்து வருடம் கழித்துப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினேன். நீ அரக்கோணத்தில் ஒரு வேலையில் இருந்தாய். நாலு நாள் பொறு என்றாய். எனக்குப் பொறுமை கம்மி. கம்ப்யூட்டர் கொடுத்த கடைக்காரரே புதுப் பைத்தானைப் போட்டு, நீ கம்பைல் செய்ததைப் பழைய கம்ப்யூட்டரிலிருந்து அப்படியே எடுத்து வைத்தார். திறக்கும்போதெல்லாம் 'பதிப்பு பொருந்தவில்லை' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது.

"ஓடுதா இல்லியா?" என்றேன்.

"ஓடுது சார். ஆனா இந்த வார்னிங்..."

"அது கண்ணுக்குத் தெரியாம பண்ணிடு."

பண்ணிவிட்டார். ஒரு வாரம் ஒழுங்காக ஓடியது. பிறகு சில தோல்களுக்கு, அதற்கு முன்னால் போன தோலின் அளவே விழுந்தது. நாங்கள் கவனிக்கவில்லை. வந்த சரக்கை மறுபடி அளந்து பார்ப்பது வாங்குகிறவர் வழக்கம். ராணிப்பேட்டையில் என் சரக்கை வாங்கும் சேட் ஒருவர், நாலு வியாபாரிகள் நடுவில் என்னையும் வைத்துக்கொண்டு தோல் கட்டைப் பிரித்தார். மாட்டுத்தோல் முடிந்து ஆட்டுத்தோல் தொடங்கும் இடம். முதல் ஆட்டுத்தோலை ஸ்டிக்கரோடு தூக்கிக் காட்டினார்.

"இன்னா பாய், ஆட்டுத்தோலுக்கு மாட்டு அளவு போட்டு அனுப்பறே? தீனி ஜாஸ்தியா?"

எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் தொழிலில் விலையில் முன்னே பின்னே பேசலாம். அளவில் சந்தேகம் வந்தால் ஷெட்டைப் பூட்ட வேண்டியதுதான். பயத்தில் வாய் தானாகத் திறந்தது.

"நான் இன்னா பண்ணுவேன் சேட்? புரோகிராம் எழுதினவன் அளவுல கை வச்சிட்டான். திரும்பத் திரும்ப அவனையே கூப்பிடணும்னு உள்ள எதையோ வச்சிட்டு போய்ட்டான்."

அந்தச் சேட் தன் ஷெட்டு வேலையை உனக்குக் கொடுக்க இருந்தார். அது எனக்குத் தெரியும்.

மறுநாள் பிசகு எங்கே என்று தேடி, கடைக்காரரும் நானும் பழைய கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றினோம். உள்பக்கம் டேப் போட்டு ஒட்டியிருந்தது இந்த ஃப்ளாப்பி. நீ எதையும் ஒளிக்கவில்லை. சி-யில் எழுதியது முழுவதையும் என் கையிலேயே விட்டுப் போயிருக்கிறாய். கடைக்காரர் அதைப் புதுப் பைத்தானுக்குக் கம்பைல் செய்தார். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. அளவு கால் சதுர அடிகூடப் பிசகவில்லை. அப்போதே சேட்டுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போட்டால் வார்னிங்கை மறைக்கச் சொன்னது யார் என்ற கேள்வி வரும். ஃப்ளாப்பியை டிராயரில் வைத்துப் பூட்டினேன்.

நீ ஒரு தடவை வந்தாய். ஸ்கூட்டரை விட்டு இறங்கவில்லை.

"நான் அளவுல கை வச்சேன்னு சொன்னியா பாய்?"

"ஊர்ல ஆயிரம் பேசுவாங்க தோஸ்த். கண்டுக்காத."

ஜன்னல் வழியாகத் திரையைப் பார்த்தாய். "மறுபடி கம்பைல் பண்ணியா?"

"ஆமா."

"நல்லது" என்றாய். அவ்வளவுதான். ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்பினாய். அதன் பிறகு ராணிப்பேட்டையிலிருந்து ஆம்பூர் வரை எந்த ஷெட்டும் உன்னைக் கூப்பிடவில்லை. நீ எழுதியது மட்டும் என் ஷெட்டில் வருடக்கணக்கில் ஓடியது. போன மாதம் உன் அடக்கத்துக்கு வந்தேன். கல்லறைத் தோட்டத்தின் கேட்டைத் தாண்டி உள்ளே வரவில்லை.

இன்று மத்தியானம் ஃப்ளாப்பியை எடுத்துக்கொண்டு சேட்டிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"அளவுல கை வச்சானே, அந்த ஆளா? பேரு இன்னா பாய்? மறந்துபோச்சே."

நான் சொன்ன பொய் அவருக்கு வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது. உன் பெயர்தான் நினைவில் இல்லை. சொன்னேன். காதில் சரியாக விழவில்லை என்றார். இன்னொரு தடவை உரக்கச் சொன்னேன்.

"அவன் கை வைக்கல சேட். நான்தான் வச்சேன்."

"சரி வுடு, ஆளே போய்ட்டான்" என்றார்.

அன்று அந்தக் கட்டைச் சுற்றி நின்ற வியாபாரிகளில் இன்னும் மூன்று பேர் உயிரோடு இருக்கிறார்கள். ஃப்ளாப்பியை டிராயரில் திரும்ப வைக்கவில்லை. சட்டைப் பையில் இருக்கிறது. நாளைக்கு வாணியம்பாடியில் இருப்பவரிடம் போக வேண்டும். அங்கேயும் உன் பெயரிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும்.