அம்மா தந்த கிட்னி

கொழும்பு

அன்பின் அத்தான்,

நீங்களும் மகள் மேர்லினும் சுகமாயிருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன். நான் வேலைக்குப் போய்வருகிறேன். போனில் சொன்னால் அங்கே உங்களோடு இருக்கும் அம்மாவுக்கும் கேட்கும், அதனால்தான் எழுதுகிறேன்.

கிளினிக்கில் என் சிறுநீரில் ஒரு வைரஸைக் கண்டார்கள். அம்மா வாவிக்கரையில் விளையாடித் திரிந்த வயதிலேயே அவவின் கிட்னிக்குள் புகுந்து உறங்கிக் கிடந்ததாம். என் மருந்துகள் உடம்பின் எதிர்ப்பை அடக்கியதில் இப்போது விழித்துவிட்டது. மருந்தைக் குறைத்திருக்கிறார்கள். அளவு மிஞ்சிக் குறைத்தால் உடம்பு கிட்னியையே ஏற்காதாம். பயப்படாதீர்கள்.

மேர்லினின் பாதத்தைத் தாளில் வைத்துக் கோடு போட்டு அனுப்புங்கள், செருப்பு வாங்க.

வழமைபோல நேற்றும் அம்மா போனை என் வயிற்றில் வைக்கச் சொல்லிக் கிட்னியோடு கதைத்தா. எப்போதும் "சுகமா இருக்கியா மனே?" என்றுதான் கேட்பா. நேற்று, "ஏன் எழும்பின? நித்திரை கொள்ளு" என்றா.

உங்களுக்கே இப்போதுதானே சொல்கிறேன், அத்தான்.

ஊருக்கு வரும் ஏறாவூர் ஸஹீதா இந்தக் கடிதத்தை வாங்கிக்கொண்டு போகப் பஸ்ஸடியில் நிற்கிறா.

உங்கள் றெபேக்கா