7114க்கு ஒரு பெயர்

ஜூன் 2, திங்கள்

இன்றைக்கு அண்ணர் மேசையிலிருந்த தேநீர்க் கோப்பையைச் சுவரில் எறிந்தார். என் தலையிலிருந்து ஒரு சாண் தள்ளி. எங்கள் கடையின் இணையத்தளத்தில் பொருள் தேடுகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்ற பக்கத்தோடு போய்விடுகிறார்கள் என்று சொன்னேன். அவ்வளவுதான்.

“குறை சொல்லவோ உன்னை வைச்சிருக்கிறன்? திருத்து!”

வைத்திருக்கிறார். கொழும்பு வேலை போய் நான்கு வருடமாக அவருடைய மாடி அறையில் இருக்கிறேன்.

ஜூன் 4, புதன்

துறைமுக வீதியில் மீன்பிடிப் பொருட்கள் விற்கும் கடை. தளத்தில் எல்லாம் இலக்கங்கள். ‘கயிறு’ என்று தேடினால் கயிறு வராது. படங்களுக்குப் பின்னால் ஒரு சொல்லும் இல்லை.

மூதூரிலிருந்து ஸெய்னுதீன் என்பவர் அழைத்தார். முப்பது வயதில், கடலில் யாரோ வீசிய டைனமைட் அவருடைய இரண்டு கண்களையும் கொண்டுபோய்விட்டது. திரையில் உள்ளதை அவருடைய போன் வாசித்துச் சொல்லும்.

“தங்கச்சி, உங்கட கடைக்குள்ள வந்தா ‘படம், படம், பொத்தான்’ எண்டு மட்டும்தான் இது கத்துது. நான் வலை பின்ன நூல் வாங்க வந்தவன்.”

ஒவ்வொரு படத்துக்கும் பெயர் இருக்க வேண்டும். ஒவ்வொரு பொத்தானும் தன் வேலையைச் சொல்ல வேண்டும். இது இரக்கமில்லை, விதி. விதிகளை எனக்குப் பிடிக்கும். அவை கோப்பை எறிவதில்லை.

ஜூன் 9, திங்கள்

களஞ்சியத்தில் றிஸ்கானோடு முழு நாளும். பன்னிரண்டு வருடமாகக் களஞ்சியம் அவருடைய பொறுப்பில். அவர் பொதியைப் பிரித்துப் பெயர் சொல்ல, நான் தட்டினேன். கடலுக்குப் போகிறவர்கள் எப்படிக் கேட்பார்களோ அப்படித்தான் தேடுவார்கள்.

“‘உயிர்காப்பு அங்கி’ எண்டு போடாதீங்க அக்கா. தாழுறவன் அதைச் சொல்லி முடிக்கமாட்டான். லைஃப் ஜாக்கெட் எண்டு போடுங்க.”

இருவரும் சிரித்தோம். 7114 வந்தபோது அவர் பொதியைப் பிரிக்கவில்லை.

“இதை நம்பராவே விடுங்க. வேணுமெண்டவங்களுக்கு நம்பர் தெரியும்.”

“நம்பர் பேர் இல்லை, றிஸ்கான்.”

நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “தங்கூசி வலை.”

ஒற்றை நைலோன் இழையில் பின்னியது, தடை செய்யப்பட்டது. தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது, உக்காது, மீன்குஞ்சையும் விடாது. படத்துக்கும் தேடலுக்கும் அந்தப் பெயரையே எழுதினேன்.

ஜூன் 10, செவ்வாய்

தெரியாமலா எழுதினேன்? இல்லை. தெரிந்துதான்.

ஜூன் 11, புதன்

புதிய தளம் திறந்தது. மத்தியானத்துக்குள் ஓடர்கள் குவிந்தன. அண்ணர் சிரித்ததைப் பார்த்துக் கனகாலம்.

ஸெய்னுதீன் மறுபடியும் அழைத்தார். “இப்ப ஒவ்வொண்டாப் பேர் சொல்லுது.” பிறகு: “அந்தத் தங்கூசி... உண்மையாகவே விக்கிறீங்களோ?”

“ஓம்.”

“மூணு மாசமா என்ட மகன்மாருக்கு வலையில ஒண்டுமில்ல.” போனை வைத்துவிட்டார்.

ஜூன் 13, வெள்ளி

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

காலை ஒன்பதுக்கு வந்தார்கள். குடாவின் மறுகரையான மூதூரிலிருந்து இருபது பேர், துடுப்புகளோடு. முதலில் கடைக் கண்ணாடிகளை உடைத்தார்கள். “ஞானசேகரம், வெளிய வாடா!” என்று பெயர் சொல்லிக் கத்த, அண்ணர் பின்கதவால் ஓடிவிட்டார். றிஸ்கான் களஞ்சிய வாசலில் கைகளை விரித்து நின்றார். “விலகு தம்பி, உன்னோட எங்களுக்குக் கோவமில்லை” என்று தள்ளிவிட்டு, பொதிகளை வீதிக்கு இழுத்து மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். நைலோன் உருகி வீதியோடு ஒட்டியது.

ஒருவர் துடுப்பை ஓங்கியபடி என் மேசைக்கு வந்தார்.

“நீங்களோ பேர் போட்டது?”

“ஓம்.”

கணினியை மட்டும் உடைத்தார்.

அவர்கள் போன பிறகு அண்ணர் வந்தார். நங்கூரச் சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டு றிஸ்கானிடம் போனார். “நீதானேடா அவளுக்குச் சொல்லிக் குடுத்தனீ!” முதல் அடியைத் தடுக்க றிஸ்கான் வலது கையைத் தூக்கினார். காய்ந்த தடி முறிகிற மாதிரிச் சத்தம். விழுந்தவரை மறுபடியும் அடித்தார். நான் இடையில் போனேன். என் கன்னத்தில் விழுந்தது சங்கிலி இல்லை, வெறும் கை. தங்கை என்ற சலுகை.

ஜூன் 14, சனி

வலையைக் களவாகத் தளத்தில் போட்டு விற்றவன் றிஸ்கான் என்று அண்ணர் பொலிஸில் எழுதிக் கொடுத்துவிட்டார். றிஸ்கானை அடித்ததும் வந்த கூட்டம்தானாம். றிஸ்கானின் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே இப்போது ஒரு பொலிஸ்காரர் காவல்.

ஆனால் யார், எப்போது, எதை ஏற்றினார்கள் என்பதைத் தளம் பதிந்து வைத்திருக்கிறது. 7114ஐ மூன்று வருடத்துக்கு முன் ஏற்றியது அண்ணரின் கணக்கு. பெயர் போட்டது என் கணக்கு. றிஸ்கானுக்குக் கணக்கே இல்லை. அதை அண்ணரிடம் சொன்னேன்.

அண்ணரின் மனைவி, குணேஸ்வரி மச்சாள், கதவடியில் வந்து நின்றார். “அதை அழிச்சுப்போட்டுச் சாப்பிட வாங்கோ. புட்டு ஆறுது.”

ஜூன் 15, ஞாயிறு

மத்தியானம் அண்ணர் என் அறைக் கதவை உதைத்துத் திறந்தார். தாழ்ப்பாள் பறந்து என் காலடியில் விழுந்தது. தலைமயிரைப் பிடித்து மடிக்கணினியின் முன் முகத்தை அழுத்தினார்.

“அழியடி! என்ர கண் முன்னால அழி!”

நான் கணக்கிலிருந்து வெளியேறும் பொத்தானை அழுத்தினேன். திரை வெறுமையானது. அழிந்துவிட்டது என்று நினைத்துக் கையை எடுத்தார். கையில் என் மயிர்.

ஜூன் 16, திங்கள்

பதிவை அச்செடுத்துப் பொலிஸில் கொடுத்தேன். பதினொரு பக்கம். சங்கிலியையும் சொன்னேன். என் வாக்குமூலத்தை எழுதிய உத்தியோகத்தர் தலை நிமிர்ந்து, “முகத்தில என்ன காயம்?” என்றார்.

“கதவு.”

ஏன் அப்படிச் சொன்னனான்? மற்றதெல்லாம் சொன்னனான்தானே?

வீட்டுக்குத் திரும்பவில்லை.

ஜூன் 19, வியாழன்

காவலை எடுத்துவிட்டார்கள். றிஸ்கான் மேல் வழக்கில்லை. அண்ணரைக் கைது செய்தார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். றிஸ்கான் தூக்கத்தில். அவருடைய மனைவி ரிப்கா கதிரையை விட்டு எழும்பவில்லை. “சுட்டுவிரல் இனி மடங்காதாம். நீங்க பேரப் போட்டீங்க, அடி இவருக்கு.”



ஜூன் 26, வியாழன்

அண்ணர் பிணையில் வந்துவிட்டார். மச்சாள் அழைத்தார்: “உங்களில கோவமில்லையாம். வீட்டை வரட்டாம்.” அழைப்பை வெட்டினேன்.

ஜூலை 1, செவ்வாய்

பொலிஸில் இரண்டாவது முறைப்பாடு கொடுத்தேன். கன்னத்துக்கும் தலைமயிருக்கும். அதே உத்தியோகத்தர்தான், கதவைப் பற்றி அவர் கேட்கவில்லை.

“அடிச்சவர் உங்களுக்கு என்ன முறை?”

“கூடப்பிறந்த அண்ணர்.”

“நீங்கள் இருக்கிற இடம்?”

சாம்பல்தீவில் வாடகைக்கு எடுத்த அறை என்றேன். வீட்டிலக்கம் ஞாபகத்தில் இல்லை. கைப்பையைத் திறந்து, வீட்டுக்காரி எழுதித் தந்த துண்டைப் பார்த்து வாசித்தேன்.