கன்னத்தில் ஒட்டிய மை

வியாழன் இரவு.

மேரு என்ற ஊரில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் இன்று எனக்கு நேர்காணல். பட்டம் வாங்கியதிலிருந்து கிடைத்ததெல்லாம் தற்காலிக வேலைகள்தான். இது நிரந்தரம். கைக்குழந்தை இருப்பது தெரிந்தால் எடுக்க மாட்டார்கள் என்று தோழிகள் சொல்லியிருந்தார்கள். அதனால் அந்தக் கேள்வி வந்ததும், "பிள்ளை இல்ல மேடம்" என்று சொல்லிவிட்டேன்.

எதிரே இருந்த தமிழ் அதிகாரி என் முகத்தையே பார்த்தார். பிறகு ஒரு டிஷ்யூவை நீட்டினார்.

"கன்னத்துல மை ஒட்டியிருக்கும்மா, தொடச்சிக்க. யாரு பிள்ளைக்குத் திருஷ்டிப்பொட்டு வச்சி முத்தம் கொடுத்துட்டு வந்த?"

டிஷ்யூவை வாங்கிக் கன்னத்தைத் துடைத்தேன்.

"எத்தன மாசம்?"

"ஏழு, மேடம்."

"யாரு பாத்துக்கிறா?"

"மாமியாரு."

"அத மொதல்லயே சொல்லியிருக்கலாம் லா" என்று சிரித்தார். முடிவை ஃபோனில் சொல்கிறாராம். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்றுதான் புரியவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் கண் சொக்கியது. வெளியே செம்பனை மரங்கள் மிதந்துபோவது போலிருந்தது. அப்படியே கனவு. குளிர்ந்த அலுவலகத்தில் எனக்கென்று ஒரு மேசை. மேசைமேல் பாப்பாவின் படம், பொக்கை வாய்ச் சிரிப்போடு. காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் அந்தப் படத்தைக் கவிழ்த்து வைத்துக்கொண்டே இருந்தேன்.