இடது பின் ஷாக்கும் உன் ரெண்டு விரலும்

மாப்ள,

இன்று காலை ஒரு பழைய காரின் ஷாக் அப்சர்பரைக் கழற்றும்போது, உள்ளே இருந்த கருகின எண்ணெய் என் மூஞ்சியில் பீய்ச்சி அடித்தது. பக்கத்தில் நீ நிற்கிறாய் என்று நினைத்துத் திட்டவே வாயைத் திறந்துவிட்டேன். மாசியிலேயே நீ போய்விட்டாய். ஆனாலும் அது உன் நாற்றம்தான். உன் பெண்டாட்டி எந்தச் சோப்பைப் போட்டும் போகாத நாற்றம்.

அரியலூர் ரோட்டில் இருந்த நம் ஷெட்டுக்கு அந்தச் சிவப்புக் கார் வந்த நாள் ஞாபகம் வந்தது. ரெட்டிபாளையம் பக்கம் கல்லு லாரி விடும் முதலாளியுடையது. ரெண்டே சீட்டு, பழைய வெளிநாட்டு ரேஸ் வண்டி. ஒரு பட்டனை அமுக்கினால் நாலு ஷாக்கும் மெத்தென்று ஆகும், இன்னொரு தடவை அமுக்கினால் விறைக்கும். ஒவ்வொரு ஷாக்கின் தலையிலும் தீப்பெட்டி அளவில் ஒரு மோட்டார் உட்கார்ந்து அந்த வேலையைப் பார்க்கும். முந்தின வாரம்தான் நம்மிடம் பிரேக் வேலைக்கு வந்து போனது. இப்போது இடது பின் சக்கரம் மட்டும் விறைத்தே நின்றது. மீட்டரில் ஒரு விளக்கு கண்ணடித்தது.

காரை ஓட்டி வந்தது முதலாளியின் வயசான டிரைவர். பின்னாலேயே ஜீப்பில் முதலாளியும் மூன்று தடியர்களும்.

"ஒரிஜினல் மோட்டார வித்துட்டு டூப்ளிகேட்ட மாட்டிட்டியாடா?" என்று முதலாளி கேட்டு முடிப்பதற்குள் உன் வாயில் குத்து விழுந்தது. நீயும் சும்மா இருந்தாயா? ஒருத்தன் மூக்கை உடைத்தாய். அப்புறம் மூன்று பேரும் சேர்ந்து உன்னை மிதித்த சத்தம், லாரியிலிருந்து மூட்டை தள்ளுகிற மாதிரி கேட்டது. குறுக்கே போன எனக்கு ஜாக்கி ராடால் முதுகில் ஒன்று. உன் வலது கையை மேசையில் விரித்து அமுக்கினார்கள். முதலாளி நம் சுத்தியலையே எடுத்து ஓங்கினார்.

"மோட்டார் நல்லதுன்னு காட்டிட்டா விட்டுடுவீங்களா மொதலாளி?" என்றேன்.

"காட்டு. இல்லேன்னா இந்தக் கையால இவன் சோறு திங்க மாட்டான்."

நீ ரத்தத்தைத் துப்பிவிட்டுக் கத்தினாய்: "இடத கழட்டி வலதுல போடுடா! வலத இடதுல போடு!"

"தெரியும், நீ படுத்துக் கெட," என்றேன்.

மாற்றி மாட்டிப் பட்டனை அமுக்கினேன். இடது மோட்டார் வலது பக்கம் போனதும் கிர்ரென்று சுற்றியது. வலது மோட்டார் இடது பக்கம் வந்ததும் செத்தது. அப்படியென்றால் மோட்டார் நல்லதுதான், கரண்ட் வருகிற வழியில்தான் கோளாறு. வயரைத் தடவிக்கொண்டே போய்ச் சக்கரத்துக்கு மேலே இருந்த சாக்கெட்டைப் பிரித்தேன். உள்ளே பூசின சுவர் மாதிரி சிமெண்ட் இறுகிக் கிடந்தது. சிமெண்டு ஃபேக்டரிகள் இருக்கிற நம் பக்கம் ஓடுகிற வண்டியில் சிமெண்டுத் தூசி ஒட்டத்தான் செய்யும். அதில் யாரோ தண்ணீரைப் பீய்ச்சியிருக்கிறார்கள்.

"நீதான தண்ணி அடிச்ச?" முதலாளி டிரைவரை அறைந்து, காலரைப் பிடித்து மேசைக்கு இழுத்தார். உன்னைப் பிடித்திருந்தவர்கள் விட்டுவிட்டார்கள்.

எனக்குப் புரிந்துவிட்டது. ஷெட்டை விட்டுப் போகிற எந்த வண்டியையும் அடிவரைக்கும் கழுவித்தான் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி அனுப்புவாய். "அழுக்கு வண்டிக்குப் பொட்டு எதுக்குடா?" என்பாய். மற்ற வண்டிகளுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஷாக்கிலேயே கரண்ட் ஓடுகிற இந்தக் காருக்கு ஆகிவிட்டது. வாயை மூடு என்று உனக்குக் கண்ணைக் காட்டினேன்.

"நான்தாங்க கழுவுனேன். பெரியவர விடுங்க," என்று நீயே போய்க் கையை விரித்து வைத்தாய்.

சுத்தியல் இறங்கியது. ரெண்டு விரல்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், "மூக்க நோண்ட இன்னும் எட்டு இருக்குடா," என்றேன். அழுதுகொண்டே சிரித்து என்னை உதைத்தாய்.

நெஞ்சு வலியில் நீ போன அன்று, கையைக் கட்ட வந்தவர்கள் அந்தக் கோணல் விரல்களை நிமிர்த்தப் பார்த்தார்கள். "இழுக்காதீங்க, வலிக்கும்," என்றேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

நேற்று ஒரு லாரியில் போல்ட்டை முறித்துவிட்டேன். "எவன்டா முறிச்சது?" என்று லாரிக்காரர் கம்பியோடு வந்தார். பழியைப் போட ஷெட்டில் ஆள் இல்லாமல் இல்லை. "நான்தாங்க," என்று முன்னால் போய் நின்றேன்.

கையை மட்டும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன், மாப்ள.